எடை உட்காரும் இடம்

1972-இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 5 சீரிஸ் என்ற பெரிய குடும்பக் காரை வெளியிட்டது. அதன் நீளம் 4.62 மீட்டர். மூன்று ஆண்டுகள் கழித்து அதைவிடச் சின்னதாக, இரண்டே கதவுகளோடு 3 சீரிஸ் வந்தது. அதன் நீளம் ஏறக்குறைய 4.36 மீட்டர். இன்றைய ஏழாம் தலைமுறை 3 சீரிஸை அளந்தால் 4.71 மீட்டர் வருகிறது. சின்ன கார் என்று பிறந்தது, அந்தக் காலத்துப் பெரிய காரையே தாண்டிவிட்டது. அகலம் 1.61 மீட்டரிலிருந்து 1.83 மீட்டராகியிருக்கிறது. ஒரு டன்னை ஒட்டி இருந்த எடை ஒன்றரை டன்னை எட்டியிருக்கிறது.

உள்ளே இருப்பவையும் அப்படியே மாறிவிட்டன. கார்புரேட்டர் போய், பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் இன்ஜெக்டர் வந்தது. நான்கு கியர் இருந்த இடத்தில் எட்டு கியர் ஆட்டோமேட்டிக் இருக்கிறது. ஸ்டியரிங்குக்கு மோட்டார் துணை செய்கிறது. ஆனாலும் 1.5 கோடிக்கும் மேல் விற்ற இந்தக் காரின் பழைய தலைமுறையையும் புதியதையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தவர்கள், வளைவில் திரும்பும் விதத்தில் இரண்டும் ஒரே குடும்பம் என்று சொல்லிவிடுவார்கள். இந்தக் குடும்ப ஜாடை முகப்பில் உள்ள இரட்டைக் கிரில்லில் இல்லை என்பது என் எண்ணம். காரின் எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் அது இருக்கிறது. எஞ்சின் முன்னால் நீளவாக்கில், உந்தும் சக்கரங்கள் பின்னால், மொத்த எடை இரு அச்சுகளிலும் ஏறக்குறைய பாதிப் பாதி. ஐம்பது ஆண்டுகளாக இந்த ஒன்றைக் காப்பாற்றத்தான் இந்தக் காரின் பொறியாளர்கள் அதிகம் பாடுபட்டிருக்கிறார்கள்.

இந்தக் கார் பிறப்பதற்கே வழியில்லாமல் போயிருக்கும். 1950-களில் பி.எம்.டபிள்யூ.விடம் ஒரு பக்கம் விலை உயர்ந்த பெரிய கார்கள் இருந்தன, அவை விற்கவில்லை. இன்னொரு பக்கம் முட்டை வடிவ ஐசெட்டா என்ற குட்டி வண்டி இருந்தது. அதில் லாபம் இல்லை. நடுவில் எதுவும் இல்லை. நிறுவனத்தை டைம்லர்-பென்ஸிடம் ஒப்படைக்கும் திட்டம் 1959 டிசம்பர் 9 அன்று பங்குதாரர் கூட்டத்துக்கு வந்தது. சிறு பங்குதாரர்களும் விற்பனையாளர்களும் விடாமல் எதிர்த்ததால் அது நின்றது. ஹெர்பர்ட் குவாண்ட் என்ற தொழிலதிபர் தன் பணத்தைப் போட்டு நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தினார். 1961-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 'நோய கிளாஸ', அதாவது புதிய வகுப்பு என்ற பெயரில் 1500 என்ற கார் வந்தது. அதைச் சுருக்கி, இரண்டு கதவு வைத்து 1966-இல் 1600-2 வந்தது. அதற்குள் இரண்டு லிட்டர் எஞ்சினை வைத்தபோது 1968-இல் 2002 என்ற கார் பிறந்தது. 3 சீரிஸுக்குத் தாய் அதுதான்.

அந்த எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அலெக்ஸ் ஃபான் ஃபால்கன்ஹாவ்சன் வடிவமைத்த எம்10 என்ற நான்கு சிலிண்டர் எஞ்சின் அது. பின்னாளில் பெரிதாக்க இடம் வேண்டும் என்று எண்ணி, அவர் பிளாக்கை ஆரம்பத்திலேயே தாராளமாக வார்த்தார். 1.5 லிட்டரில் தொடங்கியது இரண்டு லிட்டர் வரை போனது. 1973-இல் டர்போவையும் தாங்கியது. எண்ணெய் நெருக்கடி வந்த அதே ஆண்டில் வெளியானதால் 2002 டர்போ மொத்தம் 1,672 கார்களோடு நின்றுபோனது, எஞ்சின் நிற்கவில்லை. 3 சீரிஸின் முதல் தலைமுறை முழுக்க அது ஓடியது. 1983-இல் நெல்சன் பிக்கே ஃபார்முலா 1 உலகப் பட்டம் வென்ற பிரபாம் காரின் டர்போ எஞ்சினும் இதே பிளாக்கை அடிப்படையாகக் கொண்டதுதான். அலுவலகத்துக்குப் போய்வர 90 குதிரைத்திறன் தந்த இரும்பு வார்ப்பு, பந்தயத்தில் பல நூறு குதிரைத்திறனைத் தாங்கியது. ஒரு நல்ல வடிவமைப்பில் எவ்வளவு இருப்பு ஒளிந்திருக்க முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு இது.

1975-இல் வந்த முதல் 3 சீரிஸுக்கு நிறுவனத்துக்குள் இ21 என்று பெயர். பால் பிராக் தலைமையில் வரையப்பட்டது. டாஷ்போர்டின் நடுப்பகுதியை ஓட்டுநரை நோக்கிச் சாய்த்து வைத்தார்கள். இந்தக் கார் யாருக்காகச் செய்யப்பட்டது என்பதை அந்தச் சாய்வே சொல்லிவிடும்.

இப்போது எடைக்கு வருவோம். டயர் சாலையைப் பற்றும் விசைக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள்தான் திரும்புவது, உந்துவது, நிறுத்துவது மூன்றும் நடக்க வேண்டும். முன்சக்கரங்களே காரை இழுக்கும் வண்டியில், வளைவில் வேகம் கூட்டும்போது அதே இரண்டு டயர்கள் திருப்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். எல்லை தாண்டினால் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் நேராகவே போகப் பார்க்கும். பின்சக்கரங்கள் உந்தினால் வேலை பிரிந்துவிடுகிறது. முன்னால் இருப்பவை திருப்பினால் போதும்.

இன்னொன்றும் உண்டு. வேகம் கூட்டும்போது காரின் எடையில் ஒரு பகுதி பின்பக்கம் சாயும். எவ்வளவு என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். 1,500 கிலோ கார், வினாடிக்கு 4 மீட்டர் வீதம் ஒவ்வொரு வினாடியும் வேகம் கூடுகிறது என்று வைப்போம். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில், இரு அச்சுகளுக்கும் இடையே 2.8 மீட்டர். நிறையை முடுக்கத்தாலும் உயரத்தாலும் பெருக்கி, அச்சுத் தூரத்தால் வகுத்தால் 1,180 நியூட்டன் அளவு வரும். அதாவது ஏறக்குறைய 120 கிலோ பாரம் முன்டயர்களை விட்டுப் பின்டயர்களுக்குப் போகிறது. உந்துபவை பின்டயர்கள் என்றால் இது வரம். முன்டயர்கள் என்றால் இழப்பு. பிரேக் போடும்போது இதே கணக்கு தலைகீழாகிறது. முன்பக்கம் ஏற்கெனவே கனமாக இருந்தால் பின்டயர்கள் சும்மா தொட்டுக்கொண்டு வரும். பாதிப் பாதியில் தொடங்கினால் நான்கு டயர்களும் வேலைக்கு ஆகும்.

பாதிப் பாதி மட்டும் போதாது. அந்த எடை நடுவில் குவிந்திருக்க வேண்டும். ஒரு கம்பின் இரு முனையிலும் தண்ணீர்க்குடத்தைக் கட்டித் தோளில் சுமப்பவர் சட்டென்று திரும்ப முடியாது; திரும்பத் தொடங்கிவிட்டால் சட்டென்று நிற்கவும் முடியாது. அதே இரண்டு குடங்களையும் மார்போடு அணைத்திருந்தால் திரும்புவது எளிது. பள்ளியில் நிலைமத் திருப்புத்திறன் என்று படித்தது இதுதான். தூரம் இரண்டு மடங்கானால் திரும்புவதற்கான எதிர்ப்பு நான்கு மடங்காகும். ஆகவே எஞ்சினை முன்சக்கர அச்சுக்கு முன்னால் தொங்கவிடாமல், முடிந்தவரை பின்னால் தள்ளி வைக்க வேண்டும். முன்பம்பருக்கும் முன்சக்கரத்துக்கும் இடையே தூரம் குறைவாகவும், முன்சக்கரத்துக்கும் கதவுக்கும் இடையே தூரம் அதிகமாகவும் ஒரு கார் தெரிந்தால், அது இந்த வழியில் வந்த கார் என்று பக்கவாட்டில் பார்த்தே சொல்லிவிடலாம்.

இந்தக் கணக்கை நிறுவனமே முதலில் குலைத்துக்கொண்டது. 1977-இல் இந்தச் சின்னக் காருக்குள் ஆறு சிலிண்டர்களை ஒரே வரிசையில் வைத்த நீளமான எஞ்சின் நுழைந்தது. 323ஐ என்ற மாடலில் அது 143 குதிரைத்திறன் தந்தது. மூக்கு கனத்தது. தெரிந்தே ஏன் செய்தார்கள்? வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சினிடம் நான்கு சிலிண்டருக்கு இல்லாத ஓர் அமைதி உண்டு.

நான்கு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு பிஸ்டன்கள் மேலே போகும்போது இரண்டு கீழே வருகின்றன. சமமாகிவிட்டது என்று தோன்றும். ஆகவில்லை. கிராங்க் ஷாஃப்ட் சுற்றும்போது கனெக்டிங் ராட் சாய்வதால், பிஸ்டன் தன் பாதையின் மேல்பாதியில் வேகமாகவும் கீழ்ப்பாதியில் மெதுவாகவும் ஓடுகிறது. மேலே போகும் இரண்டும் கீழே வரும் இரண்டும் ஒன்றையொன்று முழுக்கச் சமன் செய்வதில்லை. மிஞ்சுகிற விசை, எஞ்சின் சுற்றும் வேகத்தைப் போல இரு மடங்கு வேகத்தில் மேலும் கீழும் குலுக்குகிறது. சுற்று வேகம் இரட்டித்தால் குலுக்கல் நான்கு மடங்கு. அதனால்தான் சாதாரண நான்கு சிலிண்டர் எஞ்சின் உயர்ந்த வேகத்தில் முரட்டுத்தனமாக ஒலிக்கிறது. ஆறு சிலிண்டர்களை ஒரே வரிசையில், 120 பாகை இடைவெளியில் அமைத்தால், முதல் வகை விசையும் இந்த இரண்டாம் வகை விசையும் முன்பின்னாக ஆட்டும் திருப்பமும் ஒன்றையொன்று முழுக்க அழித்துக்கொள்கின்றன. கூடுதலாக ஒரு பாகம்கூட வைக்காமல், வடிவியல் தானாகத் தரும் பரிசு அது.

வி வடிவ ஆறு சிலிண்டர் எஞ்சின் நீளத்தில் குறைவு, இடமும் மிச்சம். மெர்சிடிஸ் 1990-களின் பிற்பகுதியில் அதற்கு மாறியது. ஆனால் வி வடிவத்துக்கு இந்த இயல்பான சமநிலை கிடையாது. சமன்செய்ய எதிர்த்திசையில் சுற்றும் ஒரு தண்டு போன்ற ஏற்பாடு தேவைப்படும். பி.எம்.டபிள்யூ. வரிசை எஞ்சினை விடவில்லை. 2017-இல் மெர்சிடிஸே வரிசை ஆறுக்குத் திரும்பியது.

விடாததற்கு விலை உண்டு. நீளமான எஞ்சினை வைத்துக்கொண்டே மூக்கை இலேசாக்க வேண்டும். இதற்குப் பிறகு வந்த முயற்சிகள் பெரும்பாலும் இந்த ஒரு சிக்கலைச் சுற்றியே நடந்தன. 1990-இல் வந்த மூன்றாம் தலைமுறையின் ஆறு சிலிண்டர் கார்களில் பேட்டரி பானெட்டுக்குள் இல்லாமல் டிக்கியில் இருந்தது. எளிய யோசனைதான், கனமான ஒரு பெட்டி முன்கோடியிலிருந்து பின்கோடிக்கு மாறினால் பாதிப் பாதிக் கணக்கு சட்டென்று நேராகும். 2005-இல் வந்த ஐந்தாம் தலைமுறையில் துணிச்சலான ஒன்றைச் செய்தார்கள். எஞ்சின் பிளாக்கின் வெளிப்புறத்தை மெக்னீசியத்தில் வார்த்தார்கள். மெக்னீசியம் அலுமினியத்தைவிட மூன்றில் ஒரு பங்கு எடை குறைவு. ஆனால் சூட்டில் தளரும். கூலன்ட் நீர் பட்டால் அரிக்கும். ஆகவே சிலிண்டர்களும் நீர் ஓடும் வழிகளும் அலுமினிய உள்ளீட்டில் இருந்தன. அதைச் சுற்றி மெக்னீசியம் வார்க்கப்பட்டது. எஃகு போல்ட்டுகள் மெக்னீசியத்தோடு சேர்ந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கும் என்பதால் போல்ட்டுகளும் அலுமினியத்தில் செய்யப்பட்டன. மூன்று லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின் ஏறக்குறைய 160 கிலோவில் முடிந்தது. பிறகு டர்போ வந்ததும் அதன் அழுத்தத்தையும் வெப்பத்தையும் தாங்க, பிளாக் முழுக்க அலுமினியத்துக்குத் திரும்பிவிட்டது. இந்த வரிசையில் நான் மிகவும் மதிக்கும் எஞ்சின் அந்த மெக்னீசிய ஆறுதான். அது தந்த குதிரைத்திறனை இன்று யாரும் பெரிதாக நினைக்கமாட்டார்கள். அதற்காக எடுத்துக்கொண்ட அக்கறைக்கு ஈடு இல்லை.

பின்பக்கம் இன்னொரு கதை. முதல் இரண்டு தலைமுறைகளிலும் ஒவ்வொரு பின்சக்கரமும் காரின் நடுக்கோட்டுக்குச் சாய்வான அச்சில் ஆடும் ஒரே ஒரு கையால் பிடிக்கப்பட்டிருந்தது. எளிமை, வலிமை, குறைந்த செலவு. ஆனால் சக்கரம் மேலும் கீழும் போகும்போது அது நோக்கும் திசையும் சற்று மாறும். ஈரச் சாலை வளைவில் வேகமாகப் போகிற ஓட்டுநர் பயந்து சட்டென்று ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறார் என்று வையுங்கள். எடை முன்னால் சாய்கிறது, பின்பக்கம் எழும்புகிறது, பின்டயர்களின் மேல் பாரம் குறைகிறது, அதே நொடியில் அவை நோக்கும் திசையும் தவறான பக்கம் மாறுகிறது. வால் வெளியே வீசிக்கொண்டு போகும். பழகிய கைக்கு அது விளையாட்டு. பழகாத கைக்கு விபத்து. 1982 முதல் வந்த இரண்டாம் தலைமுறை இ30-ஐ இன்று கொண்டாடுபவர்கள் இந்தக் குணத்தைத் திறமையின் அளவுகோலாகப் பேசுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பயத்தில் காலை எடுப்பது மனித இயல்பு. அந்த இயல்பைத் தண்டிக்கிற கார் முழுமையான கார் அல்ல.

திருத்தம் 1990-இல் வந்தது. ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் நீளவாக்கில் ஒரு கையும் குறுக்கே இரண்டு இணைப்புகளும் வைத்தார்கள். முந்தைய ஆண்டு வெளியான இசட்1 என்ற திறந்த காரில் இதை முதலில் சோதித்திருந்தார்கள். பாரம் ஏறினாலும் இறங்கினாலும், காலை எடுத்தாலும் மிதித்தாலும், வெளிப்பக்கச் சக்கரம் காரை நிலைப்படுத்தும் திசையிலேயே சற்றுத் திரும்பும்படி அந்த மூன்று உறுப்புகளின் நீளமும் கோணமும் கணக்கிடப்பட்டன. இணைப்புகளின் முனையில் உள்ள ரப்பர் புஷ்கள் எவ்வளவு நசுங்கும் என்பதுகூடக் கணக்கில் சேர்ந்தது. இதில் முந்திக்கொண்டது மெர்சிடிஸ் என்பதையும் சொல்ல வேண்டும். 3 சீரிஸுக்குப் போட்டியாக 1982-இல் வந்த 190 என்ற சின்னக் காரில், ஐந்து இணைப்புப் பின்சஸ்பென்ஷன் ஏற்கெனவே இருந்தது. பி.எம்.டபிள்யூ. அந்த இடத்தை எட்ட எட்டு ஆண்டுகள் ஆயின.

இ30 தலைமுறையை அவ்வளவு எளிதாகக் கடந்துவிடவும் முடியாது. முதல் முறையாக நான்கு கதவு, முதல் டீசல், முதல் நான்கு சக்கர உந்து என்று இந்தக் காரின் கிளைகள் பலவும் அங்கேதான் முளைத்தன. பின்பக்கம் நீண்ட டூரிங் வகை பிறந்தது நிறுவனத்தின் திட்டத்தால் அல்ல. மாக்ஸ் ரைஸ்பாக் என்ற பணியாளர், தன் குடும்பத்துக்கும் சாமானுக்கும் இடம் போதவில்லை என்று, நண்பரின் கேரேஜில் ஒரு 3 சீரிஸை வெட்டி ஒட்டித் தனக்காகச் செய்த கார் அது. நிர்வாகம் பார்த்தது, பிடித்துப்போனது, 1987-இல் விற்பனை மாடலாக அறிமுகமானது.

3 சீரிஸின் பந்தய வகையான எம்3 பிறந்ததும் இ30-இல்தான். பந்தயத்தின் குரூப் ஏ விதிப்படி, பன்னிரண்டு மாதத்தில் 5,000 சாலைக் கார்கள் செய்தால்தான் அந்த மாடல் களத்தில் இறங்க முடியும். எஞ்சின் பொறியாளர் பால் ரோஷே என்ன செய்தார் என்பது மிக அழகான கதை. எம்1 என்ற பெரிய காரின் ஆறு சிலிண்டர் எஞ்சினின் ஹெட்டில் இரண்டு சிலிண்டர் பகுதியை வெட்டி எடுத்தார். திறந்த முனையை ஒரு தகட்டால் மூடி, அந்தப் பழைய எம்10 வழிவந்த நான்கு சிலிண்டர் பிளாக்கின் மேல் பொருத்தினார். இரண்டே வாரத்தில் மாதிரி எஞ்சின் ஓடியது. ஆறு சிலிண்டரையே வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். நீளமான கிராங்க் ஷாஃப்ட் மிக உயர்ந்த சுற்று வேகத்தில் முறுக்கி அதிரும்; குட்டையானது விறைப்பாக நிற்கும். நான்கு சிலிண்டர் என்றால் மூக்கும் இலேசு. அமைதி வேண்டிய இடத்தில் ஆறும், சுறுசுறுப்பு வேண்டிய இடத்தில் நான்கும் என்ற இந்தத் தெளிவு, நிறுவனம் எதை முதன்மையாக வைத்தது என்பதைக் காட்டுகிறது. 1987-இல் ராபர்ட்டோ ரவாலியா இந்தக் காரில் உலக டூரிங் கார் பட்டத்தை வென்றார்.

அதன் பிறகு வந்த பதினைந்து ஆண்டுகள் எஞ்சினின் மூச்சைப் பற்றியவை. காற்றுக்கும் எடை உண்டு. ஓடத் தொடங்கினால் ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும். உயர்ந்த வேகத்தில், பிஸ்டன் மேலே திரும்பத் தொடங்கிய பிறகும் உள்வால்வு சற்றுத் திறந்திருந்தால், ஓடிவரும் காற்று தன் வேகத்திலேயே உள்ளே நெருக்கிக்கொள்ளும். மெதுவான வேகத்தில் அதே தாமதம் காற்றை வெளியே துப்பிவிடும். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஒரே கோணத்தில் நின்றால் இரண்டுக்கும் பொருந்தாது. 1992-இல் இந்த வரிசையின் ஆறு சிலிண்டர் எஞ்சினில் வந்த வேனாஸ் என்ற ஏற்பாடு, எண்ணெய் அழுத்தத்தால் கேம் ஷாஃப்ட்டின் கோணத்தை ஓடும்போதே மாற்றியது. 2001-இல் வந்த வால்வ்ட்ரானிக் இன்னும் ஆழமானது. சாதாரணப் பெட்ரோல் எஞ்சினில் காற்றுக் குழாய்க்குள் ஒரு த்ராட்டில் தகடு வழியை மறித்துக்கொண்டிருக்கும். நகரத்தில் மெதுவாகப் போகும்போதெல்லாம் பிஸ்டன்கள் அந்த மறிப்புக்கு எதிராக இழுத்து இழுத்து எரிபொருளை வீணாக்குகின்றன. வால்வ்ட்ரானிக்கில் அந்த வேலையை உள்வால்வே செய்கிறது. தேவைக்கேற்ப ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவோ, ஒன்பது மில்லிமீட்டருக்கு மேலாகவோ திறந்து, எவ்வளவு காற்று என்பதை வாசலிலேயே முடிவு செய்கிறது.

டீசலை ஒரு நிகழ்ச்சியால் சொல்லிவிடலாம். 1998-இல் நூர்பர்க்ரிங்கில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தை 320டி என்ற டீசல் 3 சீரிஸ் வென்றது. 24 மணி நேரப் பந்தயம் ஒன்றை டீசல் கார் வென்றது அதுவே முதல் முறை. மற்ற கார்கள் பெட்ரோல் போட நின்ற நேரத்தில் அது ஓடிக்கொண்டிருந்தது. அதே ஆண்டு வந்த நான்காம் தலைமுறை இ46 உலகம் முழுக்க விற்றுத் தள்ளியது. 2002-இல் மட்டும் ஐந்தரை லட்சத்துக்கும் மேல். அளவு, எடை, ஸ்டியரிங் மூன்றும் சரியாக அமைந்த கடைசித் தலைமுறை என்று அதைச் சொல்பவர்கள் அதிகம். நானும் அந்தக் கூட்டம்தான்.

ஐந்தாம் தலைமுறையில் இந்தக் கதைக்குத் தமிழ்நாட்டில் ஒரு வாசல் திறந்தது. செங்கல்பட்டுக்கு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ. தன் தொழிற்சாலையை 2007 மார்ச்சில் தொடங்கியபோது, அங்கே பூட்டப்பட்ட முதல் கார் 3 சீரிஸ்தான். பாகங்களாக வருவதை இங்கே பொருத்துவது அந்த ஆலையின் வேலை. 2021 முதல் இங்கே உருவானது கிரான் லிமோசின் என்ற நீண்ட வகை. அச்சுகளுக்கிடையே சாதாரண 3 சீரிஸைவிட 11 செ.மீ. அதிகம். அந்த நீட்டிப்பு பின்சீட்டுக்காரரின் காலுக்காகத்தான். டாஷ்போர்டையே ஓட்டுநர் பக்கம் சாய்த்துத் தொடங்கிய கார், உரிமையாளர் பின்னால் உட்காரும் நாட்டுக்கு வந்து நீண்டது. வளைவில் திரும்பும் சுறுசுறுப்பில் சிறிது போகும். நேர்ச்சாலையில் நிலைப்பு கூடும். நம் நெடுஞ்சாலைக்கும் நம் வழக்கத்துக்கும் அது நியாயமான பண்டமாற்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆறாம் தலைமுறையில்தான் எனக்கு மனக்குறை. 2011-இன் கடைசியில் வெளியிடப்பட்ட எஃப்30-இல், 328ஐ மாடலின் மூன்று லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினை எடுத்துவிட்டு இரண்டு லிட்டர் நான்கு சிலிண்டர் டர்போவை வைத்தார்கள். 2015-இல் 1.5 லிட்டர் மூன்று சிலிண்டரும் வந்தது. புகைவிதிகள் இறுகிய காலம், காரணம் புரிகிறது. சின்ன எஞ்சினில் உராய்வு குறைவு; தேவைப்படும்போது மட்டும் டர்போ காற்றைத் திணிக்கும்; நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளிருக்கும் காற்றைக் குளிர்வித்து, எஞ்சின் தட்டுவதைத் தடுக்கும். மூக்கும் இலேசாயிற்று. ஆனால் அதே காரில் ஸ்டியரிங்கின் ஹைட்ராலிக் பம்ப் போய் மின்மோட்டார் வந்தது. பம்ப் எப்போதும் எஞ்சின் சக்தியைத் தின்றுகொண்டிருக்கும். மோட்டார் திருப்பும்போது மட்டும் மின்சாரம் எடுக்கும். எரிபொருள் மிச்சமானது. முன்டயர் எவ்வளவு பற்றிக்கொண்டிருக்கிறது என்பதை உள்ளங்கைக்குச் சொல்லிக்கொண்டிருந்த நுண்ணிய செய்தி மங்கியது. 2018-இல் பாரிஸில் வெளியான ஏழாம் தலைமுறை இதைப் பெருமளவு சரிசெய்தது. முந்தையதைவிடப் பெரியதாக இருந்தும் சில வகைகளில் 55 கிலோ வரை எடை குறைந்தது. காற்றுத் தடைக் குணகத்தை 0.23 வரை இறக்கியிருக்கிறார்கள். இ30-இல் அது 0.38-ஐ ஒட்டி இருந்தது.

இனி வருவது மின்சாரம். இங்கே எல்லாக் கணக்கும் புரண்டுவிடுகிறது. மின்மோட்டாரில் மேலும் கீழும் ஓடும் பாகமே இல்லை. ஆறு சிலிண்டர் தந்த அமைதி அங்கே முதல் நாளிலேயே இருக்கிறது. பேட்டரி இரு அச்சுகளுக்கும் நடுவே தரையோடு தரையாகக் கிடக்கிறது. பாதிப் பாதிக்காக யாரும் மெக்னீசியம் வார்க்கத் தேவையில்லை. ஐம்பது ஆண்டுகள் உழைத்துச் சேர்த்தது ஒரே வரைபடத்தில் கிடைத்துவிடுகிறது. கிடைக்காதது ஒன்றே ஒன்று. 3 சீரிஸின் அடித்தளத்தைப் பகிர்ந்துகொண்டு 2021-இல் வந்த ஐ4 என்ற மின்கார் இரண்டு டன்னைத் தாண்டுகிறது. எடையைச் சரியான இடத்தில் வைப்பது வேறு, எடையே இல்லாமல் இருப்பது வேறு. டயரின் மேல் பாரம் இரண்டு மடங்கானால் பிடிப்பு இரண்டு மடங்காவதில்லை. அதற்குக் கீழேயே நின்றுவிடும். பாரம் கூடக்கூட, ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைக்கும் பிடிப்பு குறையும். பிரேக்கும் டயரும் சாலையும் அந்தக் கூடுதல் எடைக்கு விலை கொடுத்தே ஆக வேண்டும்.

நிறுவனம் தன் புதிய மின்கார் வரிசைக்கு 1961-இன் பெயரையே மறுபடி வைத்திருக்கிறது. 'நோய கிளாஸ' மாதிரிக் கார் 2023-இல் காட்டப்பட்டது. முதல் தலைமுறையிலிருந்து 3 சீரிஸ் உருவான மியூனிக் ஆலையில் எஞ்சின் தயாரிப்பு அதே 2023-இல் நின்றது. 2027 முடிவிலிருந்து அங்கே மின்கார்கள் மட்டுமே செய்யப்படும் என்று அறிவித்திருக்கிறார்கள். அந்தக் கார்களின் விளம்பரத்தில் குதிரைத்திறனும், ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் என்பதும் கொட்டை எழுத்தில் இருக்கும். வாங்க நினைப்பவர்களும், இயந்திரப் பொறியியல் படிக்கும் பிள்ளைகளும் அவற்றைப் பிறகு பார்க்கலாம். விவரப் பட்டியலில் கெர்ப் வெயிட், அதாவது காரின் சொந்த எடை, என்று ஒரு வரி இருக்கும். அதை முதலில் படியுங்கள்.